ஏழு பேருக்கு ஒரு காடி (கார்): புதுசா, பழசா, பழசு என்றால் எந்த வருசம்?

எங்கள் வீட்டில் நான், மனைவி, மூன்று பிள்ளைகள், அம்மா. சுங்கை பட்டாணியில் இருக்கும் மாமியாரையும் கூட்டிக்கொண்டால் ஏழு பேர். எங்களிடம் இருந்த பெரோடுவா மைவி காரில் இடம் ஐந்து பேருக்கு. அம்மா வரும் நாளில் பெரியவன் வீட்டிலேயே இருப்பான், மாமியார் வந்தால் அம்மா "நான் வரலைப்பா, நீங்க போயிட்டு வாங்க" என்பார். கொஞ்ச காலம் இப்படியே ஓட்டினோம். கடைசிப் பெண்ணுக்கான சிறுவர் இருக்கையும் பின் சீட்டில் ஏறியதும் அதுவும் முடியாமல் போனது. 2020 ஜனவரி 1 முதல் நம் மலேசியாவில் சிறுவர் இருக்கை கட்டாயம். கட்டாயம் இல்லாவிட்டாலும் பினாங்குப் பாலத்தில் லாரிகளுக்கு நடுவே குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு போக எனக்கு மனம் வராது.

ஆறு மாதமாக ஏழு பேர் உட்காரும் எம்.பி.வி. தேடினோம். ஜெலுத்தோங்கில் பட்டறை வைத்திருக்கும் மச்சானைக் கூட்டிக்கொண்டு பினாங்குத் தீவிலும் பட்டர்வொர்த் பக்கமும் ஏறி இறங்காத கடை இல்லை. என்ன பார்த்தோம், எதை ஏன் விட்டோம் என்று இங்கே எழுதுகிறேன். எங்களைப் போல மாதம் எழுநூறு, எண்ணூறு வெள்ளிக்கு (ரிங்கிட்) மேல் தவணை கட்ட முடியாத குடும்பத்துக்கு இது பயன்படும்.

முதலில் ஒரு கணக்கு எடுத்தேன், அதை நீங்களும் எடுங்கள். ஒரு மாதத்தில் எத்தனை நாள் உண்மையில் ஏழு பேர் போகிறீர்கள்? எங்களுக்கு நான்கு நாள், விசேஷம் வந்தால் ஐந்து. மற்ற நாளெல்லாம் நான் ஒருவன் குளுகோரிலிருந்து பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைக்குப் போய் வருகிறேன். அதனால் எங்களுக்கு வேண்டிய காடி தினமும் ஒருவரைச் சிக்கனமாகக் கொண்டுபோக வேண்டும், ஞாயிற்றுக்கிழமை ஏழு பேரைச் சிரமம் இல்லாமல் ஏற்ற வேண்டும். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று இடிக்கும். எல்லா ஒப்பீடும் கடைசியில் இங்கேதான் வந்து நிற்கிறது.

கடைசி வரிசை

கடைக்குப் போனால் எல்லோரும் முதலில் ஓட்டுநர் சீட்டில் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்க்கிறோம். ஏழு பேர் காடி வாங்கப் போகிறவர் முதலில் ஏற வேண்டியது கடைசி வரிசையில். ஏறிக் கதவைச் சாத்திவிட்டுப் பத்து நிமிடம் உட்காருங்கள். அங்கேதான் உங்கள் பிள்ளையோ மாமியாரோ ஒரு மணி நேரம் உட்காரப் போகிறார்கள்.

நான் ஏறிய காடிகள் ஐந்து: 2014-க்குப் பிறகு வந்த பழைய பெரோடுவா அல்சா, 2022-ல் வந்த புது அல்சா, மிட்சுபிஷி எக்ஸ்பேண்டர், 2017-ல் இங்கே வந்த தலைமுறை டொயோட்டா இன்னோவா, 2018-ல் வந்த நிசான் செரெனா. நான் ஐந்தடி எட்டு. பழைய அல்சாவின் கடைசி வரிசையில் என் முட்டி நெஞ்சுக்கு வந்துவிட்டது, பத்து வயதுப் பையனுக்குப் போதும், பெரியவருக்குப் போதாது. அதைவிடப் பெரிய குறை காற்று. அந்தத் தலைமுறை அல்சாவில் பின்னால் குளிர்காற்றுத் துவாரம் கிடையாது, முன்னால் அடிக்கும் காற்றே பின்னால் போய்ச் சேர வேண்டும். நண்பகலில் திறந்தவெளியில் நின்ற காடியில் அது சேர்வதற்குள் பிள்ளைகள் வேர்த்துக் குளித்துவிடுவார்கள். அதனால்தான் பல பேர் வெளியே காசு கொடுத்துப் பின்னால் ஒரு புளோவர் பொருத்தியிருக்கிறார்கள். பழைய அல்சா பார்க்கப் போனால் அது இருக்கிறதா, யார் பொருத்தியது, ஒயரிங் ஒழுங்காக இருக்கிறதா என்று கேளுங்கள்.

புது அல்சாவில் பின்னால் இருப்பவர்களுக்குக் கூரையிலேயே துவாரம் வந்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், பழைய அல்சா, புது அல்சா, அந்த இன்னோவா, மூன்றுக்கும் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள இடைவெளி ஒன்றுதான், 2,750 மில்லிமீட்டர். ஆனால் நீளம் பழைய அல்சாவுக்கு 4,220, புதுசுக்கு 4,425, இன்னோவாவுக்கு 4,735. கூடின நீளம் பெரும்பாலும் கடைசி வரிசைக்கும் அதற்குப் பின்னால் இருக்கும் சாமான் இடத்துக்கும் போகிறது. அட்டையில் "ஏழு இருக்கை" என்று மூன்றிலும்தான் போட்டிருக்கும்.

கடைசி வரிசையில் பெரியவர்கள் நிம்மதியாக உட்கார முடிந்தது செரெனாவிலும் இன்னோவாவிலும்தான். எக்ஸ்பேண்டர் அடுத்தது, அதன் விலைக்கு நல்ல இடம். புது அல்சாவில் நான் உட்காரலாம், ஆனால் நடு வரிசையைக் கொஞ்சம் முன்னால் தள்ள வேண்டும். நடுவில் இருப்பவர் சம்மதிக்க வேண்டும்.

ஏறுவதும் இறங்குவதும்

இடத்தை மட்டும் பார்த்திருந்தால் இன்னோவாவை எடுத்திருப்போம். அம்மாவை ஏற்றிப் பார்த்தபோதுதான் மனம் மாறியது. அம்மாவுக்கு இரண்டு முட்டியிலும் தேய்மானம். இன்னோவா லாரி மாதிரித் தனிச் சட்டத்தின் மேல் உடலைப் பொருத்திய வண்டி. உறுதி அதிகம், தளமும் உயரம். அம்மா கைப்பிடியைப் பிடித்து, ஒரு காலைத் தூக்கி வைத்து, அப்படியே நின்றுவிட்டார். நானும் மச்சானும் பின்னால் தாங்கி ஏற்றினோம். இறங்கும்போது இன்னும் கஷ்டம். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயில் பக்கம் காடியை நிறுத்திவிட்டு ஏறி இறங்குவதை நினைத்தேன். எத்தனை தடவை தாங்குவது? அவராகவே "நான் வரலை" என்று சொல்லத் தொடங்கிவிடுவார், எனக்குத் தெரியும்.

அல்சாவில் அம்மா பின்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து, பிறகு கால்களை உள்ளே எடுத்து வைத்தார். யாரும் பிடிக்கவில்லை. இருக்கை ஏறக்குறைய அவருடைய இடுப்பு உயரத்தில் இருக்கிறது, ரகசியம் அவ்வளவுதான். முட்டி வலி உள்ளவர்களுக்கு இடுப்புக்குக் கீழே இருந்தால் எழுவது கஷ்டம், மேலே இருந்தால் ஏறுவது கஷ்டம். வாங்கப் போகும் காடியின் இருக்கை உயரத்தை வீட்டுப் பெரியவரின் இடுப்போடு ஒட்டிப் பாருங்கள். எந்த விளம்பரத்திலும் இது இருக்காது.

செரெனாவைப் பற்றி இங்கே தனியாகச் சொல்ல வேண்டும், நான் மிகவும் ஆசைப்பட்ட வண்டி அது. பக்கக் கதவு திறப்பதற்குப் பதிலாகத் தள்ளும் கதவு. எங்கள் அடுக்குமாடியில் ஒரு காடிக்கும் அடுத்த காடிக்கும் நடுவே ஒரு ஆள் பக்கவாட்டில்தான் போக முடியும். அங்கே குழந்தையைச் சிறுவர் இருக்கையில் உட்கார வைப்பது என்பது தினமும் ஒரு போராட்டம். தள்ளும் கதவு இருந்தால் முழுதாகத் திறக்கலாம், பக்கத்துக் காடியில் இடிக்காது. செரெனாவின் பின் கதவில் கண்ணாடிப் பகுதி மட்டும் தனியாகத் திறக்கும், சுவரை ஒட்டி நிறுத்தினாலும் பையை எடுத்துவிடலாம். அகலம் 1,740 மில்லிமீட்டர்தான், புது அல்சாவைவிட ஒரு விரல் கூட அதிகம் இல்லை. இன்னோவாவின் அகலம் 1,830. நெரிசலான கார் நிறுத்துமிடத்தில் அந்த ஒன்பது சென்டிமீட்டர் பெரிய விஷயம். சக்கர நாற்காலியில் இருக்கும் பெரியவரோ, இரட்டைக் குழந்தைகளோ உள்ள வீடு என்றால் மற்ற எதையும் யோசிக்காமல் தள்ளும் கதவு உள்ள வண்டியை எடுங்கள் என்றுதான் சொல்வேன்.

வருசம் என்றால் எந்த வருசம்?

பழைய காடி என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். ஆனால் ஒரே பெயருள்ள காடியே வருசத்துக்கு வருசம் வேறு காடி. அல்சாவை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தலைமுறை 2009 நவம்பரில் வந்தது. 2014-ல் முகத்தை மாற்றினார்கள், 2018-ல் மறுபடி ஒரு மாற்றம். உள்ளே 1.5 லிட்டர் இஞ்சினும் நான்கு கியர் ஆட்டோவும் கடைசிவரை அப்படியேதான் இருந்தன. அதாவது 2013-க்கும் 2019-க்கும் ஓட்டுவதில் பெரிய வித்தியாசம் இல்லை, விலையில் உண்டு. 2022 ஜூலையில் வந்த இரண்டாம் தலைமுறை முற்றிலும் வேறு: புது அடித்தளம், புது இஞ்சின், படிப்படியாக இல்லாமல் வழுக்கி மாறும் சி.வி.டி. கியர், ஆபத்து தெரிந்தால் தானாகவே பிரேக் போடும் வசதி. அந்தக் கடைசி வசதி விலை குறைந்த வகையிலும் சேர்ந்தே வந்தது, அதை நான் மிகவும் மதிக்கிறேன். பாதுகாப்பை விலை அதிகமான வகைக்கு மட்டும் ஒதுக்கிவைப்பது எனக்குப் பிடிக்காத வழக்கம்.

ஆக, பழைய அல்சா வாங்குவதாக இருந்தால் 2018, 2019 என்று தேடி அதிகம் கொடுக்காதீர்கள். 2014-லிருந்து 2016-க்குள் ஒழுங்காகப் பராமரித்த ஒன்று கிடைத்தால் அதை எடுங்கள். மிச்சப்படும் பணத்தில் டயர், ஷாக் அப்சார்பர், பின் புளோவர் எல்லாம் முடித்துவிடலாம். பாதுகாப்பு வேண்டும் என்றால் 2022-க்குப் பிந்தியதற்குத் தாவுங்கள். நடுவில் நிற்பதால் லாபம் இல்லை. ஒரு எச்சரிக்கை: பழைய வண்டிகளில் ஏ.பி.எஸ். பிரேக், ஏர்பேக் எண்ணிக்கை, சிறுவர் இருக்கையை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கம்பி, நடு இருக்கைக்கு மூன்று முனை பெல்ட் ஆகியவை வகைக்கு வகை மாறும். விற்பவர் "எல்லாம் இருக்கு" என்பார். நீங்களே சீட்டு இடுக்கில் கையை விட்டு ஐசோஃபிக்ஸ் கம்பியைத் தொட்டுப் பாருங்கள்.

வருசத்தில் இன்னொரு பொறியும் உண்டு. கெரானில், அதாவது காடியின் பதிவுச் சான்றிதழில், பதிவு செய்த தேதி ஒன்று இருக்கும், தயாரித்த ஆண்டு ஒன்று இருக்கும். கடைக்காரர் சொல்வது பெரும்பாலும் பதிவு ஆண்டு. இங்கேயே தயாரான காடியில் இரண்டும் பொருந்தும், அதிகம் போனால் ஒரு வருசம் தள்ளும். ஜப்பானில் ஓடிவிட்டு இங்கே இறக்குமதியாகும் ரீகாண்ட் வண்டியில் மூன்று, நான்கு வருசம்கூட வித்தியாசம் வரும். 2019-ல் பதிவான எஸ்டிமா 2015-ல் தயாரானதாக இருக்கலாம். காடியின் உண்மையான வயது தயாரித்த ஆண்டுதான். எங்களுக்கு ஒரு கடையில் இப்படித்தான் ஒரு வண்டியைக் காட்டினார்கள், கெரானைக் கேட்டதும் "நாளைக்கு அனுப்புறேன்" என்றார்கள். வரவே இல்லை. கெரானைப் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

இன்னும் ஒன்று. 2020 ஜூன் 15 முதல் 2022 ஜூன் 30 வரை அரசாங்கம் புதுக் காடிகளுக்கு விற்பனை வரி விலக்கு கொடுத்தது. இங்கே பொருத்திய வண்டிகளுக்கு முழு விலக்கு. அந்தக் காலத்தில் வாங்கியவர் உண்மையில் கொடுத்தது குறைவு. "புதுசுல இவ்வளவு, இப்ப இவ்வளவுதான்" என்று வரியோடு சேர்ந்த விலையைக் காட்டிப் பேசுபவரிடம், நீங்கள் எவ்வளவுக்கு வாங்கினீர்கள் என்று ரசீதோடு கேட்கலாம்.

காசுக் கணக்கு

புது அல்சா வெளியானபோது எக்ஸ் வகை 62,500 வெள்ளி, எச் வகை 68,000, ஏ.வி. வகை 75,500. காப்புறுதி தனி. அதன் உடன்பிறப்பான டொயோட்டா வெலோஸ் அதே 2022 அக்டோபரில் 95,000 வெள்ளிக்கு வந்தது. அடித்தளமும் இஞ்சினும் ஒன்றுதான், இருபதாயிரம் கூடுதல். அந்த இருபதாயிரத்துக்கு எங்கள் வீட்டுக்கு என்ன கூடுதலாகக் கிடைக்கும் என்று தேடிப் பார்த்தேன், மனதுக்கு நிறைவான பதில் கிடைக்கவில்லை. எக்ஸ்பேண்டர் 2020-ல் வரி விலக்கோடு 91,369 வெள்ளிக்கு வந்தது. அதன் அடிப்பகுதிக்கும் சாலைக்கும் உள்ள இடைவெளி 205 மில்லிமீட்டர். மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும் பகுதியில் குடியிருந்தால் அதற்காகவே யோசிக்கலாம்.

தவணையைப் பார்ப்போம். எச் வகைக்குப் பத்து விழுக்காடு முன்பணம் போட்டால் கடன் 61,200 வெள்ளி. ஒன்பது வருசம், நிலையான வட்டி ஆண்டுக்கு 3 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் மொத்த வட்டி 16,524, மாதம் ஏறக்குறைய 720 வெள்ளி. அந்த 3 விழுக்காட்டைப் பார்த்து மலிவு என்று நினைக்காதீர்கள். நாங்கள் பார்த்தபோது கடன் குறையக் குறைய வட்டி குறையாமல் முழுத் தொகைக்கும் கணக்கிட்டதால், வீட்டுக்கடன் பாணியில் பார்த்தால் அது ஏறக்குறைய 5.5 விழுக்காடு.

பழைய காடிக்கு வங்கி வட்டியைக் கூட்டும், ஆண்டைக் குறைக்கும். எங்களுக்கு ஒரு 2018 இன்னோவாவுக்கு 70,000 வெள்ளி சொன்னார்கள். 63,000 கடன், ஏழு வருசம், 4 விழுக்காடு என்றால் மாதம் 960. புது அல்சாவைவிட இரண்டாயிரம்தான் அதிக விலை, ஆனால் மாதத்துக்கு 240 வெள்ளி அதிகம். பழசு வாங்கினால் மிச்சம் என்று நினைத்துப் போனவனுக்கு இது பெரிய பாடமாக இருந்தது. காடி பழசாக இருந்தும் விலை இறங்காமல் இருந்தால், தவணையில் புதுசைவிட அதிகம் கட்ட வேண்டி வரும். இரண்டு, மூன்று வயதான புதுத் தலைமுறை அல்சாவிலும் இதே கதைதான். கேட்ட விலைக்கும் புதுசுக்கும் சில ஆயிரம்தான் இடைவெளி. அதற்கு வட்டியையும் குறைந்த ஆண்டையும் சேர்த்தால் புதுசே மேல். ரொக்கமாக வாங்குபவருக்கு மட்டும் இந்தக் கணக்கு மாறும்.

2015 பழைய அல்சாவுக்கு 28,000 சொன்னார்கள். 25,200 கடன், ஐந்து வருசம், 4.5 விழுக்காடு என்றால் மாதம் 515 வெள்ளி சுமார். ஐந்தே வருசத்தில் முடிந்துவிடும். உண்மையில் காசு மட்டுமே பிரச்சினை என்றால் இதுதான் வெற்றி. பிள்ளைகள் சிறியவர்கள், கடைசி வரிசையில் உட்காரப் போவது அவர்கள்தான், தூரப் பயணம் அதிகம் இல்லை என்ற குடும்பம் தயங்காமல் இதை எடுக்கலாம். என் நண்பன் ஒருவன் பிறையில் இப்படித்தான் எடுத்து நிம்மதியாக ஓட்டுகிறான்.

சாலை வரியிலும் இஞ்சின் அளவு பேசும். 1.5 லிட்டருக்கு வருசத்துக்கு நூறு வெள்ளியை ஒட்டி, 2.0 லிட்டருக்கு நானூறை ஒட்டி, 2.5 லிட்டருக்கு எண்ணூறுக்கு மேல். டோலில் காருக்கும் எம்.பி.வி.க்கும் ஒரே கட்டணம். அதனால் இரண்டு காடியில் போவதைவிட ஒரே காடியில் போவது ஒவ்வொரு பயணத்திலும் ஒரு டோலை மிச்சப்படுத்தும்.

இதைச் சொன்னதும் இன்னொரு வழியையும் சொல்லிவிட வேண்டும். மைவியையே வைத்துக்கொண்டு, ஏழு பேர் போகும் நாளில் மட்டும் எம்.பி.வி. வாடகைக்கு எடுப்பது. வருசத்தில் நான்கைந்து முறைதான் உங்களுக்குத் தேவை என்றால் இதுவே எல்லாவற்றிலும் மலிவு. நாங்கள் ஒரு தீபாவளிக்கு அப்படித்தான் ஈப்போவுக்குப் போனோம். எங்களுக்கு மாதத்துக்கு நான்கு நாள் என்பதாலும், பண்டிகை நேரத்தில் வாடகை வண்டி கிடைப்பது சிரமம் என்பதாலும் விட்டோம்.

பழசு பார்க்கப் போகும்போது

மச்சான் கூட வந்ததால் நான் கற்றுக்கொண்டது நிறைய. முதல் வேலையாக அவர் செய்தது, சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்து முகர்ந்து பார்த்தது. வெள்ளத்தில் மூழ்கிய காடியை எவ்வளவு கழுவினாலும் பெல்ட் சுருளின் உள்பகுதியில் சேற்றுக் கறை தங்கிவிடும். 2017 நவம்பர் 4-ஆம் தேதி இரவு பினாங்கில் பெய்த மழையை நம்மில் யாரும் மறக்கவில்லை. 2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கிலும் எத்தனை காடி மூழ்கியது. அவையெல்லாம் காணாமல் போய்விடவில்லை, பலவும் துடைக்கப்பட்டு வேறு ஊரில் விற்பனைக்கு நிற்கும். பெல்ட்டுக்குப் பிறகு இருக்கைக்கு அடியில் இருக்கும் போல்ட்டில் துரு இருக்கிறதா, உதிரிச் சக்கரம் வைக்கும் குழியில் மண் படிந்திருக்கிறதா என்று பார்த்தார். பட்டர்வொர்த்தில் பார்த்த ஒரு 2016 வண்டியில் வெளியே பளபளப்பு, உதிரிச் சக்கரக் குழியில் விரல் கனத்துக்குக் காய்ந்த சேறு. பேசாமல் வந்துவிட்டோம்.

வாகனச் சோதனை நிறுவனமான புஸ்பாகோமின் பி5 சோதனை பாஸ் ஆகிவிட்டது, அதனால் நல்ல வண்டி என்று சொல்வார்கள். பி5 என்பது பெயர் மாற்றத்துக்கான சோதனை: இஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் கெரானோடு பொருந்துகிறதா, சாலையில் ஓடத் தகுதியாக இருக்கிறதா என்று பார்ப்பது. கியர்பெட்டி இன்னும் எத்தனை வருசம் தாங்கும் என்று அது சொல்லாது. மீட்டரைத் திருகியிருந்தால் அது சர்வீஸ் புத்தகத்திலும், தேய்ந்துபோன பிரேக் மிதியிலும், பளபளத்துப் போன ஸ்டியரிங்கிலும்தான் தெரியும். 60,000 கிலோமீட்டர் ஓடிய காடியின் மிதி ரப்பர் வழுவழுவென்று இருக்காது.

எங்கே ஓட்டிப் பார்ப்பது என்பதும் முக்கியம். கடைக்கு முன்னால் ஒரு சுற்று போதாது. நான் இரண்டு காடியை பாயா தெருபோங்கிலிருந்து பாலிக் பூலாவுக்கு ஏறும் துன் சர்டோன் சாலையில் ஓட்டினேன், ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு. நான்கு கியர் பழைய அல்சா அந்த வளைவு ஏற்றத்தில் இரைந்தது, ஆனால் ஏறியது. ஏற்றத்தில் கியர் தயங்கித் தயங்கி விழுந்தால், அல்லது இறங்கும்போது பிரேக்கில் ஸ்டியரிங் நடுங்கினால், அங்கேயே தெரிந்துவிடும். விற்பவர் மலைக்குக் கொண்டுபோக அனுமதிக்காவிட்டால் அந்தக் காடியை விட்டுவிடுங்கள்.

புரோட்டான் எக்சோராவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2009-ல் வந்தது, 2023-ல் நின்றது. இடம் தாராளம், கூரையில் குளிர்காற்றும் உண்டு, பழைய விலையில் இவ்வளவு இடம் வேறெதிலும் இல்லை. டர்போ உள்ள வண்டி என்றால் ஆயில் கூலர் ஹோஸ் மாற்றப்பட்டதா என்று கேளுங்கள், அதற்காக 2016-ல் நிறுவனமே வண்டிகளைத் திரும்ப அழைத்தது. டைமிங் பெல்ட், சி.வி.டி. எண்ணெய் மாற்றிய ரசீதுகளும் இருக்க வேண்டும். இவை மூன்றும் கையில் இருந்தால் தைரியமாக வாங்கலாம். ரசீது இல்லை என்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். ரீகாண்ட் அல்பார்ட், வெல்பயர் எல்லாம் எங்கள் வரவுக்கு எட்டாதவை, அவற்றைப் பற்றிப் பேச எனக்கு அனுபவம் இல்லை.

நாங்கள் எடுத்தது

கடைசியில் நின்றவை மூன்று: புது அல்சா எச் வகை, 2015 பழைய அல்சா, 2018 செரெனா. செரெனாவை விட மனமில்லாமல் மூன்று முறை போய்ப் பார்த்தேன். ஆனால் ஹைப்ரிட் மின்கலம், தள்ளும் கதவின் மோட்டார், சி.வி.டி. எல்லாம் வயதாகிக்கொண்டிருக்கும் நேரத்தில், உத்தரவாதம் முடிந்தபின் நான் தவணையும் கட்டிக்கொண்டு பழுதும் பார்க்க வேண்டும். தினமும் ஒருவனாக 2.0 லிட்டரில் பாயான் லெப்பாஸ் நெரிசலில் நிற்க வேண்டும். மாதத்தில் 4 நாளுக்காக மற்ற 26 நாளும் அந்தச் செலவைச் சுமக்க முடியாது.

பழைய அல்சாவா புது அல்சாவா என்பதில் மனைவிதான் முடிவு சொன்னார். அவர் இரவு ஷிப்ட் முடிந்து விடியற்காலையில் வீடு திரும்புகிற நாட்கள் உண்டு. கண் அசந்த நேரத்தில் முன்னால் இருக்கும் வண்டியைப் பார்த்துத் தானாக பிரேக் போடும் வசதி வேண்டும் என்றார். மாதம் 205 வெள்ளி வித்தியாசம், நான்கு வருசம் அதிகமாகக் கட்ட வேண்டும். சரி என்றேன். ஏ.வி. வகைக்கு இன்னும் 7,500 கொடுத்திருந்தால் சுற்றிலும் கேமரா, மின்சாரக் கைப்பிரேக் எல்லாம் கிடைத்திருக்கும். அதற்குப் பதிலாக அந்தப் பணத்தில் நல்ல சிறுவர் இருக்கை ஒன்றும், காப்புறுதியில் வெள்ளத்துக்கான கூடுதல் பாதுகாப்பும் எடுத்தோம், மீதி சேமிப்பில் இருக்கிறது. வெள்ளப் பாதுகாப்பு சாதாரணக் காப்புறுதியில் சேர்ந்து வராது, கேட்டு வாங்க வேண்டும்.

ஒரு குறை தெரிந்தே எடுத்தோம். ஏழு பேரும் உட்கார்ந்தால் பின்னால் சாமான் இடம் 137 லிட்டர்தான், இரண்டு கைப்பையும் ஒரு பால் டின்னும் வைத்தால் நிறைந்துவிடும். கடைசி வரிசையை மடித்தால் 498. சுங்கை பட்டாணி போய்வரப் போதும். ஈப்போவுக்கு ஏழு பேரும் மூன்று நாள் துணிமணியோடு போக வேண்டும் என்றால் போதாது, அந்தப் பயணத்தில் சின்னவனின் சீட்டை மடித்துவிட்டு அவனைத் தம்பியின் காரில் அனுப்பப் போகிறோம்.

மைவியை விற்கும்போது ஒன்றைக் கவனமாகச் செய்தோம். ஐந்து வருசம் விபத்து இல்லாமல் ஓட்டியதால் என் பெயரில் 55 விழுக்காடு என்.சி.டி., அதாவது இழப்பீடு கேட்காததற்கான காப்புறுதிக் கழிவு, சேர்ந்திருந்தது. அது காடிக்கு உரியது இல்லை, உரிமையாளருக்கு உரியது. புதுக் காடியை மனைவி பெயரில் போடலாம் என்று முதலில் நினைத்திருந்தோம், அப்படிச் செய்திருந்தால் காப்புறுதியை முழு விலையில் கட்டியிருப்போம். என் பெயரிலேயே பதிவு செய்து, மைவியின் என்.சி.டி.யை அல்சாவுக்கு மாற்றினோம். முதல் வருசக் காப்புறுதி பாதிக்கும் கீழே இறங்கியது.